சொல்லி வைத்த இடம்

வீராசாமித் தோட்டத்தின் தண்ணீர்க் குடங்கள் வரிசையை விட்டு விலகித் தாமாகவே நகரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. அப்போது தேசம்மாவின் வாய் நிறையப் பல்பொடி இருந்ததால் அவளால் உடனே கத்த முடியவில்லை, அரை டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மீதி அரை டம்ளரில் முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்ட பிறகுதான், "எவடி அவ, குடத்த இழுக்கறது?" என்று குரல் கொடுத்தாள்.

எவளும் இழுக்கவில்லை. வயிற்றில் நகப்பூச்சால் மூன்று புள்ளி வைத்த பச்சைக் குடம் ஒன்று, தனக்கு அடுத்திருந்த நீலக் குடத்தை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. நீலக் குடம் இன்னும் கொஞ்சம் மரியாதையோடு இரண்டு விரற்கடை எதிர்கொண்டு வந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டதும் பின்னாலிருந்த சிவப்புக் குடம், தன்னை விட்டுவிட்டு அங்கே என்ன பேச்சு என்பதுபோல், தானும் போய்ச் சேர்ந்துகொண்டது.

"இன்னா தேசக்கா இது, குடம் தானா போவுது?" என்றாள் எதிர்வீட்டுக் குளோரி, கையில் இட்லித் தட்டோடு.

"போவட்டும். எம்மாந்தூரம் போயிடும்?" என்றாள் தேசம்மா.

தோட்டம் என்பது பெயரளவில்தான். வடசென்னையில் ரயில் தண்டவாளத்துக்கும் மூடிக்கிடக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் நடுவே அறுபத்து மூன்று வீடுகள், அவற்றின் முன்னால் மதில் சூழ்ந்த ஒரு மைதானம், அந்த மைதானத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை பத்து மணிக்கு வரும் தண்ணீர் லாரி, அந்த லாரிக்காக முதல் நாளே வரிசை கட்டிவிடும் இருநூற்றுப் பதினான்கு பிளாஸ்டிக் குடங்கள்: வீராசாமித் தோட்டம் என்றால் இவ்வளவுதான்.

வரிசை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். குடம் இல்லாவிட்டால் ஓட்டை வாளி நிற்கும், வாளி இல்லாவிட்டால் செங்கல், செங்கல்லும் இல்லாவிட்டால் ஒற்றைச் செருப்பு. செருப்பையும் விட மனமில்லாதவர்கள், "உனுக்குப் பின்னால நானு, சொல்ட்டேன்" என்று முன்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தச் சொல் நிற்கும். அப்படிச் சொல்லி வைத்த இடங்களை எல்லாம் நினைவில் வைத்திருப்பதுதான் பதினெட்டு வருஷமாக தேசம்மாவின் பொறுப்பு. சம்பளமும் இல்லை, யாரும் நியமிக்கவும் இல்லை. ரயிலைத் தாண்டிக் கேட்கும் குரலும், எதையும் மறக்காத மண்டையும் இருந்தன, போதும். அவளுக்கு விதி ஒன்றே ஒன்று: சொல்லிவிட்டுப் போன ஆள் தானே வந்து "வேணாம்" என்று சொன்னால் ஒழிய இடம் ரத்தாகாது. ஆள் வீடு மாறிப் போகலாம், துபாய்க்குப் போகலாம், ஜெயிலுக்குப் போகலாம், செத்தே போகலாம், இடம் நிற்கும். வரிசையைக் காப்பவள் கடைசியில்தான் பிடிக்க வேண்டும் என்று தனக்குத் தானே இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டதால், லாரியின் அடியில் தங்கிய கலங்கல் தண்ணீர்தான் பதினெட்டு வருஷமும் அவள் வீட்டில் சோறாகக் கொதித்தது.

வரிசையின் முதல் இடம் மட்டும் எப்போதும் காலி. அது அவள் புருஷன் கோதண்டத்தின் இடம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வரிசையில் முதல் ஆளாக நின்றவன், "இன்னொரு குடம் எடுத்துகினு வரேன், எடத்தப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் மீஞ்சூரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே ஒருத்தியோடு குடித்தனம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்குள்ளேயே குழாய். முதல் இரண்டையும் கேட்டபோது கொதித்த தோட்டத்துப் பெண்கள், குழாயைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் அமைதியாகிவிட்டார்கள். "வூட்டுக்குள்ள கொயா கீதுன்னா, எந்த ஆம்பளதான் போவமாட்டான்" என்று குளோரியே பெருமூச்சு விட்டாள். தேசம்மா லாரி வரும் ஒவ்வொரு நாளும் முதல் குடத்தின் சொந்தக்காரியிடம், "முன்னால ஒரு ஆள் கீறாரு" என்று மட்டும் சொல்லிவைத்தாள். ஆயிரத்து எழுநூறு தடவைக்கு மேல் சொல்லியாகிவிட்டது. அந்த ஓர் ஆள் அகல இடைவெளியை விட்டே தோட்டம் தண்ணீர் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் வரிசை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. எந்த இடத்தில் குடங்கள் ஒரு விரல் நெருக்கமாக இருந்தனவோ அந்த இடத்துக்கு மற்றக் குடங்கள் வந்தன, வந்ததால் அங்கே இன்னும் நெருக்கமாயிற்று, நெருக்கமானதால் இன்னும் தூரத்திலிருந்தும் வந்தன. எந்த இடத்தில் ஒரு விரல் தளர்வாக இருந்ததோ அந்த இடம் இருந்ததையும் இழந்து துடைத்துவிட்டதுபோல் ஆனது. சாயங்காலம் மதில் மேல் ஏறிப் பார்த்தவர்களுக்கு மைதானத்தில் நான்கு பெரிய கூட்டங்கள் தெரிந்தன. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே குடம் குடமாகக் கோத்த மெல்லிய இழைகள். இழைகளுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பெரிய வெறுமைகள். ஒவ்வொரு கூட்டமும் மெதுவாக, மாவு ஆட்டும் கல்லின் நிதானத்தில், சுற்றிக்கொண்டிருந்தது.

"இது அண்டம்" என்றார் எபிநேசர்.

எபிநேசர் கோளரங்கத்தில் டிக்கெட் கிழிப்பவர். பதினாறு வருஷமாக, ஒரு நாளைக்கு ஆறு காட்சி, இருட்டில் வாசலோரம் நின்றுகொண்டே கேட்டதில் முப்பத்தைந்து நிமிடக் காட்சி முழுவதும், பின்னணிக் குரலோடும் இசையோடும், அவருக்குள் இறங்கியிருந்தது. அதற்கு முன்பு யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அன்று மதில் மேல் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு, தன் குரலை விட்டுவிட்டு அந்தக் குரலை எடுத்துக்கொண்டார்:

"அன்பார்ந்த பார்வையாளர்களே! ஆதியில் அண்டத்தின் பொருள் எங்கும் ஏறக்குறையச் சமமாகவே பரவியிருந்தது. லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு மட்டுமே இருந்தது. அந்தச் சிறு ஏற்றமே தன்னைச் சுற்றியிருந்ததை ஈர்த்து ஈர்த்து வளர்ந்தது. தயவுசெய்து கைப்பேசிகளை அணைத்துவிடவும். இவ்வாறு உருவான இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் விண்மீன் மண்டலங்கள் பிறந்தன. இழைகளுக்கு இடையே எஞ்சியவை மாபெரும் வெறுமைகள்."

"அதாவது இருக்கறவன்கிட்டயே போய்ச் சேருது" என்றாள் குளோரி.

"ஈர்ப்பு விசை" என்றார் எபிநேசர், தன் சொந்தக் குரலில்.

"அத்தத்தான் நானும் சொல்றேன். இதுக்கு இன்னாத்துக்கு ஏசி போட்டுச் சொல்றாங்க?"

புதன்கிழமைக்குள் தோட்டத்துக்கு இது பழகிவிட்டது. வெறுமைகளில் வற்றல் காயப் போட்டார்கள். அவ்வளவு தூரம் பறந்து வரச் சலித்துக்கொண்டு காக்கை ஒன்றும் வரவில்லை. தூரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வெளியே மதிலை அளந்தால் அறுபது மீட்டர்தான், என்றைக்கும் போல; ஆனால் உள்ளே ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குச் செவ்வாயன்று முப்பது அடி நடந்தவர்கள் புதனன்று இருநூறு அடி நடந்தார்கள், வியாழனன்று நடக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் ஷேர் ஆட்டோ விட வேண்டி வந்தது. கூட்டங்கள் பெரிதாகவில்லை, குடங்களும் பெரிதாகவில்லை. நடுவிலிருந்த வெறுமைதான் ஊறிக்கொண்டே போனது. மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் அடித்த சிக்சர் ஒன்று சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கீழே விழுந்தது. அதற்குள் அந்த ஆட்டம் முடிந்து, தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு கட்சிக்காரர் இரண்டாம் கூட்டத்தின் நடுவில் கொடிக்கம்பம் நட்டார். மறுநாள் மூன்றாம் கூட்டத்தில் எதிர்க்கட்சிக் கொடி ஏறியது. நான்காம் கூட்டத்தை இரண்டு பேரும் மதிக்காததால் அங்கே குடம் வைத்திருந்தவர்கள் சாலை மறியல் செய்யப் போய், சாலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திரும்பினார்கள்.

குளோரியும் அவள் நாத்தனார் ரெஜினாவும் ஆறு வருஷமாகப் பேசாதவர்கள். வரிசையில்கூட இருவர் குடத்துக்கும் நடுவே தேசம்மா இருபது குடம் விட்டுவைப்பாள். இரண்டாம் கூட்டத்தில் இருந்த குளோரியின் குடங்களும் மூன்றாம் கூட்டத்தில் இருந்த ரெஜினாவின் குடங்களும் ஒன்றை நோக்கி ஒன்று வரத் தொடங்கியபோது தோட்டமே மதில் மேல் ஏறிவிட்டது. இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் மோதின, ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன, வால் நீட்டின, மறுபக்கம் வெளியே வந்து, மனம் மாறித் திரும்பி, ஒரே கூட்டமாகச் சுருண்டன; இத்தனைக்கும் ஒரு குடம்கூட இன்னொரு குடத்தின் மேல் இடிக்கவில்லை. இடித்துக்கொண்டது குளோரியும் ரெஜினாவும்தான்.

இப்படி எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லாரி ஒன்றைத் தவிர.

புதன்கிழமை பத்து மணிக்கு லாரியோடு வந்த டிரைவர் முனிரத்தினம், இறங்காமலே தலையை வெளியே நீட்டி மைதானத்தைப் பார்த்தார். பல வருஷமாகப் பல தெருக்களின் சண்டைகளுக்கு நடுவே குழாயைப் பிடித்து நின்ற மனிதர் அவர். தலையில் இரண்டு தையல், இரண்டுமே குடத்தால் வந்தவை. அதனால் வரிசை இல்லாத இடத்தில் குழாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்.

"வரிச எங்கம்மா?"

"சுத்திகினு கீது பார்ணா" என்றாள் தேசம்மா.

"சுத்தறதுல எது மொதல்ல, எது கடைசி? எந்தக் குடத்துக்கு நான் தண்ணி வுட? ஒருத்தி குடத்துல வுட்டா இன்னொருத்தி என் மண்டைல போடுவா. எனுக்கு வேணாம்ப்பா." கண்ணாடியில் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "வெள்ளிக்கெயம வரேன். அன்னிக்கும் இப்டியே இருந்திச்சுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன். ரூட்ட மாத்திடுவாங்க. அப்புறம் லாரி இந்தப் பக்கமே வராது."

நிறைந்த லாரி, ஒரு சொட்டுச் சிந்தாமல், வந்த வழியே போயிற்று.

குடங்களைப் பிடித்து இழுத்து வரிசையில் வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். இழுத்த குடம் இழுத்தவளோடு சேர்ந்தே திரும்பிப் போனது. மூன்று பெண்கள் குடத்தை விடாமல் பிடித்தபடி அரைமணி நேரம் கூட்டத்தோடு சுற்றினார்கள். அவர்களில் ஒருத்தி மடியில் பூண்டு இருந்ததால் அதை உரித்து முடித்தாள். சிலர் புதுக் குடம் வாங்கி வந்து தனி வரிசை போட்டார்கள். கடைசிக் குடத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் முதல் குடம் கிளம்பிவிட்டது.

புதன் மாலை எபிநேசர் தேசம்மாவின் வாசலுக்கு வந்து, டிக்கெட் கிழிக்கிற கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தேசம்மா, ஒரு கணக்கு ஒதைக்குது."

"இன்னாண்ணா?"

"ஓரத்துல கீற குடம், உள்ள கீற குடம் மாதிரியே வேகமா சுத்துது. இந்த எடைக்கு அது நிக்கவே கூடாது. பிச்சிகினு பறந்திருக்கணும்." கண்ணை மூடினார், மற்றக் குரல் வந்தது. "அன்பார்ந்த பார்வையாளர்களே! நாம் காணும் பொருள் அண்டத்துப் பொருளில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. மீதி ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாது. ஒளி தராது, நிழல் விழாது. ஆனால் எடை உண்டு. முதலில் அதுதான் திரண்டது. அது திரண்ட இடங்களில்தான் விண்மீன்கள் வந்து விழுந்தன." கண்ணைத் திறந்தார். "நம்ம மைதானத்துல இருநூத்திப் பதினாலு குடம் கீது. அத்தப் போல அஞ்சு மடங்கு, கண்ணுக்குத் தெரியாம ஏதோ கீது. அது இன்னான்னுதான் தெரியல."

தேசம்மா படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். சொல்லிவிட்டுப் போனவர்கள். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போய்ச் செங்கல்பட்டில் குடியேறிய கன்னையன். பால் பொங்குகிறது என்று ஓடியவள், அடுத்த மாதம் கல்யாணமாகிப் போனவள். பிரசவ வலியிலும் "நான் கீறேன்னு சொல்டு" என்று ஆட்டோவிலிருந்து கை காட்டிய தனபாக்கியம், அந்தப் பிரசவத்தில் பிறந்து இப்போது ஒன்பதாவது படிக்கிற மகளுக்கும் சேர்த்து. டெங்குவில் போனவர்கள், கடலுக்குப் போனவர்கள், சும்மா போனவர்கள். எபிநேசர் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு ரயில்கள் கடந்தன.

"ஆயிரத்து எழுவது" என்றாள் கடைசியில். அந்த எண்ணிக்கையில் ஒரு பெயரை மட்டும் அவள் உதட்டைத் திறக்காமல் எண்ணியிருந்தாள்.

எபிநேசர் மனசுக்குள் இருநூற்றுப் பதினான்கை ஐந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, கோளரங்கத்தில் விளக்கை அணைக்கும்போது நிற்பதைப்போல் அசையாமல் நின்றார்.

விஷயம் பரவியதும் வியாழக்கிழமை காலை குளோரி தோட்டத்துப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்ப சுலுவாப் போச்சு. எல்லாத்தையும் ரத்து பண்ணுக்கா. வராதவனுக்கு இன்னாத்துக்கு எடம்?"

"அவங்க வந்து சொல்லணும்மே."

"கன்னையனாச்சும் வருவாரு. செத்தவங்க எப்டிக்கா வந்து சொல்லுவாங்க? வந்து சொன்னா நீ கேட்டுகினு நிப்பியா?"

நியாயம்தான். நாளைக்கும் லாரி தண்ணீர் விடாமல் திரும்பிப் போனால் இனி என்றைக்கும் வராது. முப்பது வீட்டில் பச்சைப் பிள்ளைகள் இருந்தன. தேசம்மா தன் வாழ்நாளில் முதன்முறையாக விதியை மீறத் தயாராகி, பெண்களோடு ஷேர் ஆட்டோ பிடித்து, ஓரத்திலிருந்த நான்காம் கூட்டத்துக்குப் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "பம்ப்ரூம் பெருமாளு. ஆள் போயிட்டாரு. எடம் ரத்து."

கூட்டத்தின் வெளிவட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த மஞ்சள் குடம் ஒன்று சட்டென்று பிடி விட்டதுபோல் நேர்கோட்டில் கிளம்பி, மைதானத்தைக் கடந்து, மதிலைத் தாண்டி, பிஸ்கட் கம்பெனியின் புகைபோக்கியை உரசிக்கொண்டு மேற்கே போயிற்று.

"யக்கா, அது என் குடம்!" என்று கத்தினாள் குளோரி. அவளுடைய குடங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றிரண்டு போய்ச் சேர்ந்திருந்தன.

"சும்மா இரு. நாலு தெரு தள்ளி வுழுந்திருக்கும்." தேசம்மா மறுபடி செருமினாள். "கன்னையன். செங்கல்பட்டு. எடம் ரத்து."

இன்னொரு குடம் போனது. அதுவும் குளோரியுடையது. இரண்டும் எங்கும் விழவில்லை. மறுநாள் பெரம்பூர்ப் பாலத்தின் மேலே மஞ்சளாக ஏதோ இரண்டு போவதைப் பார்த்ததாக ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார், அதற்குப் பிறகு தகவல் இல்லை.

எபிநேசர் ஓடிவந்தார். "நிறுத்து, நிறுத்து! அந்த எடம்தான் குடத்தப் புடிச்சிகினு கீது. ஆயிரத்து எழுவதையும் ரத்து பண்ணா, எரநூத்திப் பதினாலும் ஆந்திராவத் தாண்டிடும்."

ஆக, ரத்தும் செய்ய முடியாது. பெண்கள் ஆட்டோவில் திரும்பி வந்து, மிகப் பெரிய முதல் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தொண்ணூறு குடங்கள், இரண்டு கைகளாக வளைந்து நீண்டு, நடுவை நோக்கி வரவர நெருங்கி, நடுவுக்குப் பக்கத்தில் சிறு வட்டங்களில் கண் நிலைக்காதபடி சுழன்றன. நட்ட நடுவில் எதுவுமில்லை. ஓர் ஆள், இடுப்பில் குடத்தோடு, நிற்கும் அளவுக்கு எதுவுமில்லை.

செவ்வாய்க்கிழமை முதலே எல்லாரும் அதைப் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த அளவு அவர்களுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அந்த அளவை விட்டுத்தான் தண்ணீர் பிடித்தார்கள். அதில் போய் நிற்க நினைத்த கொடிக்கம்பக்காரரைக்கூட அது தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது.

இரண்டு குடம் இழந்த குளோரிக்கு மட்டும் வேறு பக்கம் பார்க்கும் பொறுமை போய்விட்டிருந்தது.

"அது கோதண்டம் மாமாதான?"

 ரெஜினா, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, குளோரியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மத்தவங்க ஒரு தபா சொல்ட்டுப் போனாங்க" என்றாள் தேசம்மா, நடுவைப் பார்த்துக்கொண்டே. "அவுரு சொன்னதும் ஒரு தபாதான். மீதி எல்லாம் நான் சொன்னது."

"எத்தினி தபாக்கா?"

"லாரி வந்த நாளெல்லாம்."

"அத்தான் இம்மாங் கனம்" என்றாள் குளோரி. கோபமாகச் சொல்லத் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் குரல் மாறிவிட்டது. "ஏங்க்கா, அந்தாளு வருவாருன்னா நெனைக்கிற?"

"நெனச்சேன்னு சொல்ல முடியாது. சொல்லாம வுட்டா, அவுரு போனது நெசம்னு ஆயிடும்ல? அதுக்காகத்தான்." முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "போய் சோறாக்குங்கடி. இருக்கற தண்ணிய வெச்சு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, லாரியின் ஹாரன் கேட்டது. அறுபத்து மூன்று வீடும் மைதானத்தின் ஓரத்தில் நின்றன. முனிரத்தினம் இந்தத் தடவை இறங்கி வந்தார். அவர் கையில் ஆபீசுக்கு எழுதிய கடிதம் இருந்தது.

"வரிச போடலியா?"

"போட முடிலண்ணா" என்றாள் தேசம்மா.

முனிரத்தினம் கெட்டவர் இல்லை. சுழலும் குடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையிலிருந்த தையல்களைத் தடவினார். "சரி, வரிச கூட வேணாம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. யார் மொத ஆளு? மொத ஆளக் காட்டு, குழாய அவுங்க கைல குடுத்துட்டு நான் ஒதுங்கிக்கறேன். சண்டைய அவுங்க பாத்துக்கட்டும்."

எல்லார் கண்ணும் நடுவுக்குப் போனது, பிறகு தேசம்மாவுக்கு வந்தது.

"மொத ஆளு வரல" என்றாள் தேசம்மா.

"எப்ப வருவாரு?"

ஆயிரத்து எழுநூறு தடவை அவள் சொல்லிய பதில் ஒன்று உண்டு. அது வாய்வரை வந்தது. முனிரத்தினம் கடிதத்தை மடிப்புப் பிரித்தார்.

"வரமாட்டாரு" என்றாள் தேசம்மா.

தொண்ணூறு குடங்களும் ஒருசேர ஒரு குலுங்கு குலுங்கின. ஓரத்திலிருந்த நான்கைந்து குடங்களின் அடி தரையை விட்டு எழும்பிவிட்டது. "பறக்கப் போவுது! எடம் காலியாவுது!" என்று எபிநேசர் தன் குரலிலும் இல்லாமல் காட்சிக் குரலிலும் இல்லாமல் கத்தினார். குளோரி பாய்ந்து மிச்சமிருந்த தன் குடங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். ரெஜினா குளோரியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஒரு சாண் மேலே போனார்கள்.

தேசம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். பிறகு கூட்டத்துக்குள் நடந்தாள். குடங்கள் முழங்காலில் இடித்தன, தொடையில் இடித்தன, ஒரு சிவப்புக் குடம் அவளை ஒன்றரைச் சுற்றுக் கூடவே இழுத்துப் போனது. "தள்ளுடி" என்று அதை அதட்டி, உள்வட்டத்துக்குள் புகுந்து, யாரையும் உள்ளே விடாத அந்த நடு இடத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்றாள். அது அவள் தோளைத் தொட்டது. திருப்பி அனுப்பவில்லை. அவள் கால் வைத்தாள்.

இடம் சரியாக இருந்தது. இடுப்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் பிடித்தது. கோதண்டம் ஒல்லி.

எழும்பிய குடங்கள் தரைக்கு இறங்கின. குளோரியும் ரெஜினாவும் பொத்தென்று விழுந்தார்கள். சுழற்சி பழைய நிதானத்துக்குத் திரும்பியது.

"மொத ஆளு நான்தான்" என்றாள் தேசம்மா. அவள் சத்தம் போடவில்லை, ஆனால் ரயிலைத் தாண்டிக் கேட்டது. "குழாயக் குடுண்ணா."

முனிரத்தினம் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு குழாயை வீசினார். தேசம்மா நடுவில் நின்று அதைப் பிடிக்க, அவளைச் சுற்றி ஒவ்வொரு குடமாகத் தானே வந்து வாயைக் காட்டியது. அவள் அசைய வேண்டியிருக்கவில்லை, யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை, இடிக்க வேண்டியிருக்கவில்லை. நிரம்பிய குடம் தயங்கி, கனத்து, வட்டத்தை விட்டு விலகிச் சொந்தக்காரியின் காலடியில் போய் நின்றது. காலியான இடத்துக்கு மற்றக் கூட்டங்களிலிருந்து இழை வழியாக அடுத்தடுத்த குடங்கள் வந்து சேர்ந்தன. தூரத்து நான்காம் கூட்டத்திலிருந்து வர வேண்டியவை வர மூன்று மணி ஆயிற்று. அதுவரை தோட்டம் காத்திருந்தது. முனிரத்தினமும் லாரிப் படியில் உட்கார்ந்து, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில் டீ குடித்தார். சண்டை ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டு வந்தன, ஆனால் குடம் எதுவும் யார் தலைக்கும் போகவில்லை.

குழாய் கைக்கு வந்ததும் தேசம்மா முதலில் செய்தது வேறு. குடங்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் அதைத் தன் பக்கம் திருப்பி, லாரியின் மேல்தண்ணீரை, பளிங்குபோல் இருந்ததை, முகத்தில் விட்டுக்கொண்டாள். வாய் நிறைய எடுத்துக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் குடித்தாள். வரிசையில் முதலில் வரும் தண்ணீரின் ருசி எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை யாரும் கேட்கவில்லை.

குளோரி தன் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"யக்கா, ஒருவேள மாமா வந்து, 'என் எடம் எங்க'ன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"கடைசில போய் நில்லுன்னு சொல்லுவேன்."

குளோரி திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். வட்டங்கள் வட்டங்களாக, இழைகள் இழைகளாக, வெறுமைக்கு அப்பால் வெறுமையாக அது விரிந்துகொண்டே போயிற்று. ஷேர் ஆட்டோ தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"இதுல கடைசி எங்கக்கா கீது?"

"தேடிக்கட்டும்" என்றாள் தேசம்மா, அடுத்த குடத்துக்குக் குழாயைத் திருப்பியபடி.